பிரான்சின் நாட்டுப்புறத்தில் ஆங்கிலப் பாணித் தோட்டம்: ஒரு நாள் ஒதுக்கலாமா?

திருநகர் டீச்சர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மதுரை திருநகரில் வசிக்கிறேன். எங்கள் மகள் பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் வேலை பார்க்கிறாள். வரும் மே மாதக் கடைசியில் நானும் என் கணவரும் அவளிடம் சென்று மூன்று வாரம் தங்கப் போகிறோம். விசா கைக்கு வந்துவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது; எங்கெங்கே போவது என்பதில்தான் வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தைப் பார்ப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு மேல், நாட்டுப்புறத்தில் உள்ள ஆங்கிலப் பாணித் தோட்டம் ஒன்றுக்கும் ஒரு முழு நாளை ஒதுக்கியே ஆக வேண்டும் என்று மகள் வற்புறுத்துகிறாள். அதில்தான் எங்களுக்கு இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன.

பிரான்சு வரை போய்விட்டு ஆங்கிலத் தோட்டத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பது என்னுடைய தயக்கம். கர்நாடகப் போர்களை ஆண்டு தவறாமல் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். 1760 இல் வந்தவாசியில் தோற்று, அடுத்த ஆண்டே புதுச்சேரியையும் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். நம் மதுரைக் கோட்டையிலேயே மருதநாயகம் யூசுப் கான் பிரெஞ்சு வீரர்களை உடன் வைத்துக்கொண்டு ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்று, 1764 இல் தூக்கிலிடப்பட்டார். இப்படி ஊர் ஊராக, கடல் கடலாக ஒருவரோடு ஒருவர் போரிட்ட அதே தலைமுறையில், பிரெஞ்சுப் பிரபுக்கள் தங்கள் சொந்த நிலத்தில் ஆங்கிலேயரைப் பார்த்துத் தோட்டம் போட்டார்கள் என்றால், அதற்குக் காரணம் என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

மற்றொன்று என் கணவருடைய தயக்கம். மகள் அனுப்பிய படங்களில் புல்வெளியும், ஒரு நீர்நிலையும், அங்கங்கே மரங்களும், தூரத்தில் ஒரு சிறு மண்டபமும்தான் தெரிகின்றன. பூப்பாத்தி ஒன்றுகூட இல்லை. கொடைக்கானல் பிரையன்ட் பூங்காவில் இதைவிட நிறையப் பூக்கள் இருக்கின்றனவே என்று அவர் கேட்கிறார். போன ஆண்டு அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. ஒரே மூச்சில் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க இயலாது. உட்கார்ந்து உட்கார்ந்து போனால் சமாளித்துவிடுவார். நேரில் சென்றவர்கள், அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

வைகை வடகரை

டீச்சருக்கு வணக்கம். வேலை நிமித்தமாக நான்கு ஆண்டுகள் குடும்பத்தோடு பிரான்சில் இருந்தவன். இப்போது திருப்பாலையில் இருக்கிறேன். ஒரு நாளைத் தாராளமாக ஒதுக்குங்கள். ஆனால் வெர்சாயைப் பார்த்த கண்ணோடு அங்கே போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆகையால் வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெர்சாய்த் தோட்டத்தை அமைத்த லெ நோத்ர், அரசர் மாளிகையிலிருந்து பார்ப்பதற்கென்று அதை அமைத்தார். ஓரிடத்தில் நின்றாலே நேர்கோட்டுப் பாதைகள், கத்தரித்த செடிகள், கண்ணுக்கு எட்டிய தூரம் ஓடும் கால்வாய் என்று எல்லாம் ஒரே பார்வையில் அடங்கிவிடும். ஆங்கிலப் பாணித் தோட்டத்தில் அப்படிப்பட்ட இடமே கிடையாது. அதை நடந்துதான் பார்க்க வேண்டும். பாதை வளையும், ஒரு மரக்கூட்டம் எதிரே வந்து மறைக்கும், அதைச் சுற்றி வந்தால் நீர் தெரியும், இன்னும் நூறு அடி போனால் நீருக்கு அப்பால் ஒரு மண்டபம் தெரியும், அடுத்த வளைவில் அதுவும் மறைந்துவிடும். அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு மலைப்பாதையில் நடக்கும்போது திருப்பத்துக்குத் திருப்பம் காட்சி மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் அது தானாக அமைந்தது. இங்கே ஒவ்வொரு திருப்பத்தையும், எந்த மரம் எதை மறைக்க வேண்டும் என்பதையும் ஒருவர் மனத்தில் வரைந்து, மண்ணை வெட்டி, நீரைத் தேக்கி, மரத்தை நட்டுச் செய்திருக்கிறார். செய்த கை வெளியே தெரியக் கூடாது என்பதே அந்தக் கலையின் முதல் விதி. படத்தில் வெறும் புல்லும் மரமுமாகத் தெரிவது அதனால்தான்.

உங்கள் கணவர் பிரையன்ட் பூங்காவைச் சொன்னார். என் கருத்தில், கொடைக்கானலில் ஆங்கிலப் பாணித் தோட்டத்துக்கு நெருக்கமானது பிரையன்ட் பூங்கா அன்று, ஏரிதான். அதை இயற்கையான ஏரி என்று எண்ணிக்கொண்டே பல ஆண்டுகள் அதைச் சுற்றி நடந்திருக்கிறேன். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் 1863 இல் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கிய ஏரி அது என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். நீர் எங்கே முடிகிறது என்று ஒரே இடத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாதபடி, விரல் விரலாகப் பிரிந்து மரங்களுக்குப் பின்னால் போய் மறைகிறது அல்லவா, அந்த மயக்கத்தைத்தான் ஆங்கிலத் தோட்டக்காரர்கள் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள்.

இன்னோர் உத்தியையும் அங்கே தேடிப் பாருங்கள். மாளிகையின் முன் புல்வெளி வேலியே இல்லாமல் தூரத்து மேய்ச்சல் நிலம் வரை நீண்டு கிடப்பது போலத் தோன்றும். ஆடுமாடுகளோ தோட்டத்துக்குள் வராது. இடையில் ஓர் அகழி வெட்டி, அதன் உட்பக்கத்தைச் சுவராக எழுப்பிப் புல்மட்டத்தோடு நிறுத்தியிருப்பார்கள். மாளிகையிலிருந்து பார்ப்பவருக்கு அகழி கண்ணில் படாது. நம் மலையடிவாரத்தில் யானை தோட்டத்துக்குள் இறங்காமல் இருக்க வனத்துறையினர் வெட்டுகிற அகழியைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இங்கிலாந்தில் இதற்கு 'ஹா-ஹா' என்று பெயர். அருகில் வந்த பிறகே பள்ளம் இருப்பதைக் கண்டு வியப்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

இனி உங்கள் வரலாற்றுக் கேள்வி. இரு நாடுகளுக்கும் இடையிலான போர் 1763 இல் முடிந்தவுடன் கடல் கடந்து போக்குவரத்து மறுபடியும் தொடங்கியது. பிரெஞ்சுப் பிரபுக்கள் இங்கிலாந்து சென்று தோட்டங்களைப் பார்த்து வந்தார்கள். ஆங்கிலேயர் எழுதிய தோட்டக்கலை நூல்கள் விரைவிலேயே பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டன. ஆனால் எதிரியிடம் கற்றுக்கொண்டதாக மட்டும் அவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 'ஆங்கில-சீனத் தோட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் ஓர் அடிப்படை உண்டு. சீனப் பேரரசரின் தோட்டத்தில் நேர்கோடே இல்லை, குன்றும் ஓடையும் கையால் செய்தவை என்று அத்திரே என்ற யேசு சபைத் துறவி பீக்கிங்கிலிருந்து எழுதிய கடிதம் 1749 இல் பாரிசில் அச்சாகி, ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. உங்களுக்கு ஒரு செய்தி மகிழ்ச்சி தரும் என்று நினைக்கிறேன்: நம் மதுரை மிஷன் பாதிரிமார் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் வெளியான அதே தொகுப்பு வரிசையில்தான் அந்தச் சீனத்துக் கடிதமும் வெளியானது.

எங்கே போவது என்று கேட்டால், மகளின் வீடு வடக்கே இருப்பதால் ஷான்டியி என்ற ஊரின் கோட்டைப் பூங்கா உங்களுக்குத் தோதானது. பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து 25 நிமிடத்தில் ஷான்டியி நிலையம் வந்துவிடும். நிலையத்திலிருந்து கோட்டை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். காலுக்குச் சிரமம் கொடுக்காமல் பேருந்திலோ டாக்சியிலோ போய்விடுங்கள். மூன்று விதத் தோட்டங்களும் அங்கே ஒரே சுற்றுக்குள் இருக்கின்றன. கோட்டைக்கு நேர் எதிரே லெ நோத்ர் அமைத்த நேர்கோட்டுத் தோட்டம். அதன் கால்வாய் 2.5 கிலோமீட்டர் நீளம், வெர்சாய்க் கால்வாயைவிடவும் நீளமானது. கிழக்கே 1770களில் போட்ட ஆங்கில-சீனத் தோட்டமும், அதற்குள், வெளியே குடிசை போலவும் உள்ளே மாளிகை போலவும் கட்டிய சிறு வீடுகளும் இருக்கின்றன. வெர்சாயில் மரி அந்துவானெத் அரசி தமக்கென அமைத்துக்கொண்ட சிற்றூருக்கு முன்மாதிரி இதுவே. மேற்கே, புரட்சியின்போது அழிந்த பழைய தோட்டத்தின் மேல் 1817 இல் அமைத்த ஆங்கிலத் தோட்டம். பூங்கா முழுவதும் 115 ஹெக்டேர். எல்லாவற்றையும் நடக்க நினைக்க வேண்டாம். லெ நோத்ரின் பகுதியை மேலே நின்று பார்த்துவிட்டு, மேற்குத் தோட்டத்தை மட்டும் மெல்லச் சுற்றி வாருங்கள்.

ஆனால் மனத்தில் நிற்பது எது என்று என்னைக் கேட்டால் எர்மெனோன்வில் என்றுதான் சொல்வேன். அது பாரிசுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் உள்ள சிற்றூர். மகளிடம் கார் இருந்தால் எளிது. ஜிரார்தன் என்ற பிரபு இங்கிலாந்தில் ஷென்ஸ்டன் என்ற கவிஞரின் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, சதுப்பாகக் கிடந்த தம் நிலத்தை ஏரியும் அருவியும் சோலையுமாக மாற்றினார். நீங்கள் பாடம் நடத்தியிருக்கும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1778 மே மாதம் அவர் விருந்தினராக அங்கே வந்தார். காலையில் செடிகொடிகளைச் சேகரித்துக்கொண்டு திரிந்த அவர், ஆறு வாரத்தில், ஜூலை 2 ஆம் நாள் காலமானார். ஏரி நடுவே பாப்ளர் மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு தீவில் அவரை அடக்கம் செய்தார்கள். கரையிலிருந்து அந்தத் தீவைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது வண்டியூர்த் தெப்பக்குளத்து மையமண்டபம். அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை, நேரில் பாருங்கள்.

மே கடைசியில் இரவு ஒன்பதரை மணிக்கு மேல்தான் பொழுது சாயும். ஆகவே அவசரமே வேண்டாம். காற்று குளிரும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

கீழவாசல்

டீச்சருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். மாறுபட்ட அனுபவம் ஒன்றையும் பதிவு செய்வது நல்லது என்பதால் எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் மாதத்தில், ஒரு சுற்றுலாக் குழுவோடு நானும் என் தாயாரும் பிரான்சு சென்றோம். அதில் ஒரு பிற்பகல் இப்படிப்பட்ட தோட்டம் ஒன்றில் பேருந்தை நிறுத்தி, நாற்பது நிமிடம் நேரம் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் போவது, எதைப் பார்ப்பது என்று எவரும் சொல்லவில்லை. புல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது, குளத்தில் பாசி படர்ந்திருந்தது, நல்ல வெயில். வாசலுக்கு அருகில் ஒரு மரத்தடியில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் சிறிது தூரம் நடந்து திரும்பினேன். அந்த வயதில் அவ்வளவு தூரம் வந்த அம்மாவுக்கு அந்த நேரத்தை ஒரு தேவாலயத்திலோ ஆற்றங்கரையிலோ கழிக்கக் கொடுத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

வைகை வடகரை ஐயா எழுதியதைப் படித்த பிறகு, நடந்து பார்க்க வேண்டியதை நாங்கள் நின்று பார்த்துவிட்டோம் என்பது புரிகிறது. இருந்தாலும், கால்வலி உள்ளவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் காலத்தையும் நேரத்தையும் நன்றாக யோசித்துவிட்டே போக வேண்டும் என்பது என் கருத்து. ஆகஸ்டில் புல் அப்படிக் காய்வது வழக்கம்தானா, அல்லது பராமரிப்புக் குறையா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிறுமலைச் சாரல்

தோட்டக்கலைத் துறையில் கொடைக்கானலிலும் நத்தத்திலும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கீழவாசல் தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

அது பராமரிப்புக் குறையாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் புல் பசுமையாக இருப்பதற்கு அங்கே மழை அதிகம் என்பது காரணம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 85 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. பாரிசில் 65 சென்டிமீட்டர் அளவில்தான். நமக்கு அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் வெயில் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. அங்கே பன்னிரண்டு மாதமும் சிறுகச் சிறுகப் பெய்கிறது, வெயிலும் மிதமாக இருக்கிறது, ஆகவே வேரில் ஈரம் நிற்கிறது. கோடையில் சில வாரம் மழை தவறினால் அந்தப் புல் தாங்காது, பழுத்துவிடும். மழை விழுந்ததும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆங்கிலப் பாணித் தோட்டம் புல்லையும் நீரையும் மரத்தையும் மட்டுமே நம்பி நிற்பது. பூவைக் காட்டிக் கண்ணை நிறைக்கிற வழி அதற்கு இல்லை. ஆகவே மே, ஜூன் மாதங்களில் போவதே சரி. டீச்சர் போகும் காலம் மிக நல்ல காலம். ஜூன் முதல் வாரக் கடைசியில் பிரான்சு முழுவதும் தோட்டங்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறது. 2003 இல் தொடங்கியது. மற்ற நாள்களில் திறக்காத தனியார் தோட்டங்கள் பலவற்றையும் அன்று திறந்துவிடுகிறார்கள். மகளை விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

மரங்களைப் பற்றி ஒரு சொல். இந்தத் தோட்டங்களைத் திட்டமிட்டவர்கள் எவரும் அவை முழு உருவம் பெற்றதைக் கண்ணால் பார்க்கவில்லை. ஓக் மரமும் பீச் மரமும் நட்டு நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் தம் பருமனைக் காட்டுகின்றன. அவர்கள் கையில் இருந்தது இடுப்பளவு கன்றுகள். மனத்தில் இருந்தது இன்று நீங்கள் பார்க்கப் போகும் நிழல். ராணி மங்கம்மாள் சாலையோரம் நட்ட மரங்களின் பெருமையைப் பேசும் ஊர்க்காரர்கள் நாம். இதை எளிதில் உணர்ந்துகொள்வோம். அங்கே போனால் மரங்களை எப்படிக் கூட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வரிசையாக இருக்காது. ஐந்தாறு மரங்களை ஒன்றுக்கொன்று நெருக்கமாக, இடைவெளி ஒன்று போல் மற்றொன்று இல்லாமல் நட்டிருப்பார்கள். கரும்பச்சை மரத்துக்கு முன்னால் வெளிர்ப்பச்சை மரம் நின்றால் இடம் ஆழமாகத் தெரியும். செம்பு நிற இலை கொண்ட பீச் மரத்தை ஒன்றே ஒன்றாக நிறுத்தியிருந்தால், பார்வையை அங்கே நிறுத்துவதற்காகத்தான்.

ரூசோ கல்லறையைச் சுற்றியுள்ள பாப்ளரைப் பற்றி வைகை வடகரை எழுதியிருந்தார். டீச்சர், அதன் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நம் பூவரச இலையின் சாயல் தெரியும். பூவரசின் தாவரவியல் பெயரிலுள்ள 'பாப்புல்னியா' என்ற சொல்லுக்கே பாப்ளரைப் போன்றது என்பது பொருள். பாப்ளர் இலையின் காம்பு பக்கவாட்டில் தட்டையானது; ஆகவே அரசிலையைப் போலச் சிறு காற்றுக்கும் படபடக்கும்.

நாள் கூடுதலாக இருப்பவர்களுக்கு இன்னோர் இடமும் சொல்ல வேண்டும். நார்மண்டியில், கடலோரம், வரான்ஜ்வில் என்ற ஊரில் புவா தெ மூத்தியே என்ற தோட்டம் இருக்கிறது. அதன் வீட்டை 1898 இல் வடிவமைத்தவர் லுட்யன்ஸ். பிற்காலத்தில் டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டிய அதே லுட்யன்ஸ்தான். நடுகையில் அவருக்குத் துணை நின்றவர் கெர்ட்ரூட் ஜீக்கில் என்ற ஆங்கிலத் தோட்டக்கலைப் பெண்மணி. வீட்டை ஒட்டி அறை அறையாகச் சுவர் சூழ்ந்த தோட்டங்கள். அதைத் தாண்டினால் கடலை நோக்கி இறங்கும் பள்ளத்தாக்கில் ரோடோடென்ட்ரான் காடு. மண்ணின் புளிப்பும் கடல் ஈரமும் அந்தச் செடிக்கு அங்கே பொருந்திவிட்டன. அதன் உறவுச் செடியைத்தான் நாம் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் காட்டுப்பூவரசு என்கிறோம். சோலையோரம் சிவப்பாகப் பூத்து நிற்கும். மூத்தியே தோட்டம் அண்மை ஆண்டுகளில் கைமாறியது. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

திருநகர் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் ஊர் திரும்பினோம். ஷான்டியிக்கும் எர்மெனோன்வில்லுக்கும் தனித்தனியே இரண்டு நாள்கள் போய் வந்தோம். பின்னால் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஷான்டியியில் ஐயா சொன்னபடியே மேலே நின்று நேர்கோட்டுத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு மேற்குப் பக்கம் இறங்கினோம். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததால் வேறுபாடு யாரும் விளக்காமலே தெரிந்தது. என் கணவர் ஓர் இடத்தில் நின்று, "வந்த வழி எங்கே?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் கோட்டை காணவில்லை. நாங்கள் அதிலிருந்து இருநூறு அடிகூட வந்திருக்க மாட்டோம். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் பூவைப் பற்றிப் பேசவே இல்லை. முழங்கால் வலிக்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்தோம். பெஞ்சு போட்டிருக்கும் இடமெல்லாம் பார்ப்பதற்கு ஏதாவது ஒன்று எதிரே இருக்கிறது என்பதை அதனால்தான் கண்டுகொண்டோம்.

எர்மெனோன்வில்லுக்கு மகள் காரில் அழைத்துப் போனாள். சாலைக்கு ஒரு பக்கம் கோட்டை, மறுபக்கம் பூங்கா. காலை பத்து மணிக்கு நுழைந்தபோது எங்களைத் தவிர நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு முதியவர் மட்டும் இருந்தார். ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் போனதும், பெரியதொரு மரத்தின் தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தோம். எதிரே தீவு. உயர்ந்து நேராக நிற்கும் பாப்ளர்களுக்கு நடுவே வெள்ளைக் கல்லறை. தெப்பக்குளத்து மையமண்டபம் பூக்கட்டியது போல நான்கு பக்கமும் நிறைவாக நிற்கும். இது அப்படி இல்லை, மரங்களுக்கு இடையில் பாதி மறைந்து, கிட்டே வா என்று சொல்லாமல் தள்ளியே நிற்கிறது. தீவுக்குப் போக வழி கிடையாது. ரூசோவின் எலும்புகளை 1794 இல் புரட்சி அரசு பாரிசில் நாட்டின் பெரியோர்களை அடக்கம் செய்யும் பாந்தியோனுக்கு ஊர்வலமாக எடுத்துச் சென்றுவிட்டது என்பதும், அங்கே இருப்பது வெறுங்கல்லறை என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய 'சமுதாய ஒப்பந்தம்' நூலைப் பாடமாக எத்தனை ஆண்டுகள் நடத்தியிருப்பேன்! ஆனாலும் கைகூப்பத் தோன்றியது, கூப்பினேன்.

கரையைவிட்டு மேட்டில் ஏறினால் ஜிரார்தன் கட்டிய தத்துவக் கோயில் இருக்கிறது. ஆறு தூண்கள் நிற்கின்றன. நியூட்டன், தெக்கார்த், வால்டேர், பென்சில்வேனியாவை நிறுவிய பென், மோந்தெஸ்கியூ, ரூசோ என்று தூணுக்கு ஒருவர் பெயர். மற்றத் தூண்களின் துண்டுகள் புல்லில் கிடக்கின்றன. கோயில் இடிந்து போகவில்லை. அறிவுக்கு முடிவில்லை, பின்னால் வருகிறவர்கள் மற்றத் தூண்களை நிறுத்தட்டும் என்று வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். புதுமண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் தொடங்கி நின்றுபோன ராயகோபுரத்தைக் கடைகளுக்கு இடையில் பார்த்தே வளர்ந்தவள் நான். முடியாமல் நிற்கும் கல்லைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு குறை தோன்றும். முடிக்காமல் விடுவதற்கென்றே ஒருவர் கட்டிய கல்லின் மேல் கை வைத்தபோது அந்தக் குறை தோன்றவில்லை. பாசி படிந்து ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அந்த ஆறு பேரில் நியூட்டனும் பென்னும் ஆங்கிலேயர்கள். என் முதல் கேள்விக்கு விடை அந்தத் தூண்களிலேயே இருந்தது. படைகள் மோதிக்கொண்டிருந்த காலத்திலும் படித்தவர்கள் ஒருவர் நூலை ஒருவர் தேடிப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

சிறுமலைச் சாரல் ஐயா சொன்ன பாப்ளர் இலையையும் தேடினோம். கரையில் உதிர்ந்து கிடந்த இலை ஒன்றை மகள் எடுத்து வந்தாள். பூவரசின் அதே வடிவம்தான். ஆனால் சிறியது, மெல்லியது, காம்பு நீங்கள் சொன்னபடியே தட்டை. சிறுவயதில் அவனியாபுரத்துக் கண்மாய்க்கரையில் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியவர் என் கணவர். இதையும் சுருட்டி ஊதிப் பார்த்தார். முதல் இலை கிழிந்தது. இரண்டாவதில் மெல்லியதாக ஓர் ஒலி வந்தது. நாயோடு வந்த முதியவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

கீழவாசல் தம்பி, உங்கள் அம்மாவை மறுபடியும் அழைத்துச் செல்லும் வாய்ப்பு வந்தால் காலையிலேயே போங்கள், அன்று வேறு எந்த இடத்தையும் சேர்க்காதீர்கள். ஏரியையும் தீவையும் பார்க்கத் தொலைவு நடக்க வேண்டியதில்லை. கோயிலுக்கு மட்டும்தான் ஏற்றம் உண்டு. அந்த ஏற்றத்தில் என் கணவர் மூன்று இடங்களில் நின்று நின்று ஏறினார்.

அடுத்த மாதம் கொடைக்கானல் போவதாக இருக்கிறோம். ஓடையை மறித்து லெவிஞ்ச் கட்டிய கரை ஏரியின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொன்னால், இந்த முறை முதலில் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும் என்று என் கணவர் விரும்புகிறார்.